நடுவில் விட்ட இடம்

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மருமகன் வாத்து வேட்டைக்குப் போய்வந்து படம் அனுப்பியிருக்கிறார். அறுவடை முடிந்த வயலில் நாற்பது, ஐம்பது பிளாஸ்டிக் வாத்துகள். நடுவில் மட்டும் ஒன்றுமே இல்லை. ஏன் அப்படி?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அந்தக் காலி இடம்தான் அம்மா பொறி. கனடா வாத்து கனத்த பறவை. எதிர்காற்றில்தான் இறங்கும், அப்போதுதான் வேகம் தணியும். அதனால் விடியுமுன் வயலுக்கு வரும் வேட்டைக்காரர் முதலில் காற்றின் திசையைப் பார்ப்பார். பொம்மைகளை லாட வடிவில் பரப்பி, திறந்த பக்கத்தைக் காற்று போகும் திசையில் விடுவார். கூட்டம் அந்த வழியே நுழைந்து, நடுவில் விட்ட இடத்தில் காலை நீட்டும்.

வரிசை கட்டி நிறுத்தினால் காரியம் கெட்டது. வாத்துகள் குடும்பம் குடும்பமாக மேயும். பொம்மையையும் நாலைந்தாகத்தான் வைக்க வேண்டும். பெரும்பாலானவை தலை குனிந்து மேய்வதாக இருக்க வேண்டும். கழுத்தை நிமிர்த்திய காவல் பொம்மை ஒன்றிரண்டு போதும். எல்லாம் நிமிர்ந்து நின்றால், கீழே ஏதோ ஆபத்து என்று மேலே வருபவை விலகிவிடும். முதுகில் உறைபனி படிந்து மின்னினாலும் அப்படித்தான். துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார்கள்.

இப்படி மற்றப் பறவைகளை ஏமாற்றி அழைக்க வைக்கும் பறவைக்குத் தமிழில் பழைய பெயர் உண்டு: பார்வை. நற்றிணை 212-ஆம் பாட்டில் ‘பார்வை வேட்டுவன்’ விரித்த வலைக்கு அஞ்சி ஒரு பறவை கூவுகிறது.

கேள்வி: அதே பொம்மைகளைப் பழவேற்காட்டில் வைத்துப் பார்க்கலாமா என்கிறான் என் மகன்.
– அதே வாசகி

பதில்: கூடாது. கனடாவில் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு, பருவம், நாளுக்கு இத்தனை என்ற கணக்கு எல்லாம் உண்டு. இங்கே காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பத்து வயதில் எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு கொக்கைப் பார்த்தேன். சேற்றில் நட்ட குச்சியில் கால் கட்டப்பட்டிருந்தது. கிட்டே போனபோதுதான் தெரிந்தது, இமைகளைக் கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள். அது சிறகை அடிக்க அடிக்க, இரை கிடைத்திருக்கிறது என்று நம்பி மற்ற கொக்குகள் பக்கத்தில் வந்து இறங்கின.

மகனுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். ஜனவரியில் வெயில் ஏறுமுன் பழவேற்காட்டுக் கரையில் நின்றால் பூநாரைகளைப் பார்க்கலாம்.