வில்லுப்பாட்டில் புதுமை செய்யலாமா?

கேள்வி: ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் கொடை விழாக்களில் பாடும் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். தாமிரபரணியில் கழிவு கலப்பதைப் பற்றி நானே கதை எழுதி, கீபோர்டும் சேர்த்துப் பாட விரும்புகிறேன். குழுவின் ஆசானான அண்ணாவியோ, “முதலில் பின்பாட்டுப் பாடு, குடம் அடிக்கப் பழகு” என்கிறார். மீறப் போகும் முறைகளை நான் ஏன் கற்க வேண்டும்?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: புதுக்கதைக்கு வில்லில் இடமில்லை என்று உங்கள் அண்ணாவி சொல்லவில்லையே! சுடலைமாடன் கதையும் உங்கள் பக்கத்து முத்துப்பட்டன் கதையும் ஒலித்த வில்லில் காந்தியடிகளின் கதையைப் பாடியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நெல்லைச் சீமையில் பிறந்து, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகமும் சமகாலச் செய்திகளை வில்லில் ஏற்றியவர்தாம்.

அண்ணாவி உங்களைப் பின்பாட்டில் உட்காரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குழுவின் முதன்மைப் பாடகரான புலவர் பாடிய அடியின் கடைசிப் பகுதியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடும் அந்தச் சிறு இடைவெளியில்தான் அவர் மூச்சு வாங்குகிறார், அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவருகிறார். பந்தலின் கடைசியில் இருப்பவருக்கும் தவறவிட்ட சொல் இரண்டாம் முறை காதில் விழுகிறது. வசனத்தின் நடுவே போடும் ‘ஆமா’வும் வெறும் தலையாட்டல் அன்று; கதை எங்கே திரும்புகிறது என்பதைக் கூட்டத்துக்கு அது காட்டிவிடும். இந்த வேலையைச் செய்து பாராதவர் எழுதும் அடிகள், தாளில் அழகாக இருந்தாலும், வாங்கிப் பாட இடமின்றி நீண்டு கிடக்கும்.

கொடையில் நேரக் கணக்கு வேறு இருக்கிறது. பூசை வேளைக்குக் கதை உரிய கட்டத்தை எட்ட வேண்டும் என்பதால், தேர்ந்த புலவர், கதை நடக்கும் நாட்டின் வளத்தைப் பாடும் நாட்டுவளப் பகுதியை நீட்டவும் சுருக்கவும் தெரிந்தவராக இருப்பார். குடமும் உடுக்கும் எந்த இடத்தில் வேகம் பிடிக்கின்றன என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவருக்கே இது கைகூடும்.

கீபோர்டைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. உடுக்கின் கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் எழுப்பும் குழைவு அதில் எளிதில் வராது. ஒலிபெருக்கியில் அது உயர்ந்தால் வில்லின் மணியோசையும் அமுங்கிவிடும். எங்கே அது ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது தெரிந்த பிறகு சேர்த்துப் பாருங்கள்.

கோயிலுக்கு வரி கொடுத்து ஊரார் நடத்தும் கொடையில் அவர்கள் தெய்வத்தின் கதையே முறை. உங்கள் கதையைப் பள்ளி, கல்லூரி மேடையில் அரங்கேற்றலாம். அதற்கு முன் முதல் பகுதியைக் குழுவினரிடம் பாடிக்காட்டி, பின்பாட்டுக்காரர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அந்த அடிகளைத் திருத்தி எழுதுங்கள்.