சமூகத் தொழில்முனைவு என்றால் என்ன?

ஒரு சமூகப் பிரச்சினையைத் தீர்ப்பதற்காகவே வியாபாரம் நடத்துவதுதான் சமூகத் தொழில்முனைவு. நன்கொடை தண்ணீர்ப் பந்தல் மாதிரி. பானையை யாராவது நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சமூகத் தொழில்முனைவு கிணறு, இறைக்க இறைக்க ஊறும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. கட்டணம் கொடுப்பவர்களின் பணத்தில் ஏழைகளுக்கும் கண்புரை அறுவை நடக்கிறது. எப்படிக் கட்டுப்படியாகிறது? அறுவை அரங்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒருவருக்கு முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அடுத்தவர் பக்கம் திருப்பிவிடுவார். அந்த நோயாளி அங்கே தயாராக இருப்பார். எண்ணிக்கை கூடக் கூடச் செலவு குறையும். அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் இறக்குமதி லென்ஸின் விலை கட்டுப்படியாகாததால், 1992-ல் ஆரோலேப் என்ற சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸையும் தாங்களே செய்தார்கள். எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

லாபம் பார்த்தால் அது சேவையாகாது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அந்த மிச்சப் பணம்தான் அடுத்த இலவச அறுவைக்குப் போகிறது.