ஈர வேரும் விருந்தாளியும்

அன்புள்ள ஐயா,

உங்கள் மலைச் சைக்கிள் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறேன். சில ஆண்டுகளாக வான்கூவரின் நார்த் ஷோர் மலைகளில் ஓட்டிவருகிறேன். நவம்பரில் பெங்களூரிலிருந்து மூன்று நண்பர்கள் வருகிறார்கள். துரஹள்ளிப் பாறைகளில் நன்றாக ஓட்டுபவர்கள். சனிக்கிழமை ஃப்ரோம் மலையில் செவன்த் சீக்ரெட், லேடீஸ் ஒன்லி என்ற தடங்கள். ஞாயிற்றுக்கிழமை சீமோர் மலை என்று திட்டம். மழையில் டயரில் எவ்வளவு காற்று வைக்கலாம்? காலணியைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடலா, தட்டைப் பெடலா? ஒருவன் மட்டும் ஈர வேர்களைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறான். அவனுக்குத் தைரியம் ஊட்டுவது எப்படி?

ஒரு வாசகன், பர்னபி

அன்புள்ள தம்பிக்கு,

டயர்க் காற்று உடல் எடையையும் டயரையும் பொறுத்தது. 25 பவுண்டில் தொடங்குங்கள். சக்கர விளிம்பு பாறையில் இடிக்காத வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம். பெடல் அவரவர் பழக்கம். பயப்படுகிறவருக்கு மட்டும் தட்டைப் பெடல் கொடுங்கள், சட்டென்று காலை ஊன்றலாம். மழைக்கோட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எப்படியும் நனையத்தான் போகிறீர்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். அவருக்கு ஏன் தைரியம் ஊட்ட வேண்டும்? உங்கள் விருந்தினர் மூவரில் அந்த மலையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். மற்ற இருவரின் துணிச்சல், பார்க்காத இடத்தைப் பற்றிய துணிச்சல்.

அங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அதில் பெரும்பகுதி குளிர்காலத்தில். கருங்கல்லின் மேல் மெல்லிய மண். அதற்குள் ஆழமாக இறங்க முடியாமல் சீடார், ஹெம்லாக் மரங்களின் வேர்கள் தடத்தின் குறுக்கே பரவிக் கிடக்கும். வருடக்கணக்காக டயர்கள் ஏறி ஏறி வேரின் பட்டை உரிந்திருக்கும். உள்ளிருக்கும் கட்டை வழுவழுப்பாகி, மேலே பாசி படிந்து, அதன்மேல் தண்ணீரும் நிற்கும். பாறையோ நனைந்தாலும் சொரசொரப்பை விடாது. பாசி இல்லாத கருங்கல்லில் மழையிலும் டயர் பிடிக்கும். துரஹள்ளியில் பழகிய உங்கள் நண்பர்கள் பாறையைக் கண்டால் உஷாராவார்கள், வேரைக் கண்டுகொள்ள மாட்டார்கள். தேவையோ நேர் எதிர்.

ஈர வேரில் டயருக்குப் பிடிமானம் ஏறக்குறைய இல்லை. அதனால் அதன்மேல் சக்கரம் இருக்கும்போது பிரேக் பிடிக்கக் கூடாது, திருப்பக் கூடாது, சாயக் கூடாது. வேகத்தையெல்லாம் முன்பாகவே குறைத்துக்கொண்டு, நேர் குறுக்காக, கையைத் தளர விட்டு உருண்டு போய்விட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் பயந்த மனிதரின் விரல்கள் வேரைப் பார்த்த கணத்திலேயே பிரேக்கை இறுக்கிவிடும். நீங்கள் பின்னாலிருந்து ‘ஒன்றுமில்லை, போ, போ’ என்று கத்தினால் அவர் போவார். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போவார். நீங்கள் ஊட்டிய தைரியம் அவரைச் சரியாக வேரின் நடுவில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும்.

இனி உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். செவன்த் சீக்ரெட்டையும் லேடீஸ் ஒன்லியையும் எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள்? அவை உங்களுக்குப் பிடித்த தடங்கள். ‘நான் எங்கே ஓட்டுகிறேன் பார்’ என்று காட்ட வேண்டும். விருந்தாளி கையை மறித்து மறித்துப் போதும் என்ற பிறகும் இலையில் இன்னொரு கரண்டி சாய்க்கும் பழக்கம் நம்முடையது. விருந்தோம்பல் என்ற பெயரில் நம் சமையலின் பெருமையை அவர் வயிற்றில் கொட்டுகிறோம். சோறு என்றால் அஜீரணத்தோடு போய்விடும். இங்கே காரை எலும்பு.

அந்தத் தடங்களின் ஒவ்வொரு வேரும் உங்களுக்கு மனப்பாடம். மனப்பாடமான பிறகு அவை உங்கள் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே ‘சுலபம்தான்’ என்று நீங்கள் மனதாரச் சொல்வீர்கள். விருந்தினரிடம் சொல்லவே கூடாத சொல் அது. சுலபம் என்று கேட்டபின் இறங்கி நடப்பவர், தான் சுலபமானதைக்கூடச் செய்யத் தெரியாதவர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். முகம் சற்றே மாறினாலும் விருந்தினர் வாடிவிடுவார் என்று பள்ளியில் படித்தோமே, அனிச்சப் பூவை மேற்கோள் காட்டி மதிப்பெண்ணும் வாங்கினோமே, அது வீட்டு வாசலுக்கு மட்டும் சொன்னதா? காட்டுக்குள் உங்கள் விருந்தினர்கள் தடத்தைப் பார்க்க மாட்டார்கள். உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அதில் ஏமாற்றம் துளி தெரிந்தாலும், ஓட்டக் கூடாததை ஓட்டுவார்கள்.

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் என்னை ஃப்ரோம் மலைக்கு அழைத்துப் போனவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மிகவும் மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். வார இறுதிகளில் மண்வெட்டியோடு போய்த் தடம் திருத்துகிற தன்னார்வலர்களில் ஒருவர். சில இடங்களில் பதித்திருக்கும் கற்களே அவர் சுமந்து வைத்தவை. அன்று நல்ல மழை. செங்குத்தாக இறங்கும் ஒரு வேர்ப் படிக்கட்டு வந்தது. அண்ணை நின்றார், இறங்கினார், செயினில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று முணுமுணுத்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நானும் நடந்தேன். அடுத்த மோசமான இடத்தில் கண்ணாடி மூடுபனி பிடித்துவிட்டது. அதற்கடுத்த இடத்தில் முழங்கால். இவ்வளவு கோளாறோடு இந்த மனிதர் ஏன் மலைக்கு வருகிறார் என்றுகூட எனக்குத் தோன்றியது. பின்னர் ஒரு குளிர்காலத்தில், அதைவிடக் கொடிய மழையில், தன் கூட்டாளிகளோடு வந்த அண்ணை அதே வேர்ப் படிக்கட்டில் நிற்காமல் ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டே இறங்கிப் போனதை ஓரமாக நின்று பார்த்தேன். செயின் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே தம்பி, முதலில் நீங்கள் இறங்குங்கள். ‘வேண்டுமானால் நடந்து வாருங்கள்’ என்று வாயால் சொல்வது போதாது. அப்படிச் சொல்லிவிட்டு நீங்கள் ஓட்டிக்கொண்டு போனால், அது நடப்பவரைக் கீழே நின்று வேடிக்கை பார்ப்பதற்கான ஏற்பாடு. கையில் கைபேசியையும் எடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முதல் கடினமான இடத்தில், உங்களால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட முடிந்தாலும், இறங்கி நடங்கள். இரண்டாவதிலும் நடங்கள். காலணியும் வேரில் வழுக்கும், அதனால் வேரை மிதிக்காமல் இடைவெளியில் கால் வைத்து நடக்கக் காட்டிக்கொடுங்கள். சைக்கிள் நழுவினால் மேலே வந்து விழாதபடி அது சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். மூன்றாவது இடத்தில் அவர்களே ‘இதை ஓட்டிப் பார்க்கலாமா?’ என்று கேட்பார்கள். கேட்ட பிறகு ஓட்டுங்கள். கேட்காவிட்டால் கடைசி வரை நடங்கள். உங்கள் பெருமைக்கு அடுத்த வாரம் இருக்கிறது.

தடத்தைச் சுற்றிப் புது வழி போட்டுச் சமாளிக்க விடாதீர்கள். 1990களில் சீடார் கட்டைகளைப் பிளந்து ஏணிப் பாலம் போட்ட டாட் ஃபியாண்டர் தலைமுறையிலிருந்து, 1997இல் தொடங்கிய நார்த் ஷோர் மலைச் சைக்கிள் சங்கத்தின் இன்றைய தன்னார்வலர்கள் வரை, கையால் உழைத்து வைத்த மலை அது. நடக்கிறவர் தடத்திலேயே நடக்கட்டும்.

சனிக்கிழமைக்கு அதே ஃப்ரோம் மலையின் எளிய தடமான பாப்ஸ்லெட் போதும். இரண்டு முறை ஏறி இறங்குங்கள். நவம்பர் நடுவில் பகல் சுமார் 9 மணி நேரம்தான், அடர்ந்த மரங்களுக்கடியில் அதுவும் இல்லை, காலையிலேயே கிளம்பிவிடுங்கள். அடிபட்டால் 1965 முதல் இயங்கும் நார்த் ஷோர் மீட்புக் குழு வரும், காசும் வாங்காது. ஆனால் மேகம் தாழ்ந்திருந்தால் ஹெலிகாப்டர் பறக்காது. அந்தத் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து எழுந்து நடந்து வர வேண்டும், உங்கள் நண்பர் அதுவரை நனைந்த உடையில் நடுங்கிக்கொண்டு கிடக்க வேண்டும். உலர்ந்த கம்பளிச் சட்டை ஒன்றைப் பையில் வையுங்கள்.

சீமோர் திட்டத்தை இப்போதே எழுதாதீர்கள். சனிக்கிழமை மாலை அவர்களால் விரலை மடக்கித் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாடகைச் சைக்கிள் எடுக்கும்போது பிரேக் பேட் உலோகக் கலவையா என்று கேளுங்கள். பிசின் பேட் என்றால் மணல் கலந்த அந்த ஈரத்தில் ஒரே நாளில் தேய்ந்துவிடலாம். ஆளுக்கொரு ஜோடி கூடுதலாக வாங்கிவையுங்கள். பயப்படுகிற நண்பரை உங்களுக்கு அடுத்தபடியாக ஓட்ட விடுங்கள், ஆனால் உங்கள் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வராதபடி நாலு சைக்கிள் தூரம் தள்ளி. அவரிடம் என் அன்பைச் சொல்லுங்கள். மற்ற இருவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம், கோபித்துக்கொள்வார்கள்.