சவரக்கத்தி தீட்டும் வார்: கேள்வி பதில்

பிளேடு மாற்றாத மடக்குச் சவரக்கத்தி வைத்திருப்பவர்கள் கேட்கலாம். வாரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் காப்பது என்பதோடு நிறுத்திக்கொள்வேன். சாணைக்கல் தனி உலகம். சோப்பு, ஆஃப்டர்ஷேவ் பற்றி என்னைக் கேட்டுப் பயனில்லை.

திருப்பூர்: முதல் வார் வாங்கப்போகிறேன். இரண்டரை அங்குல அகலமா, மூன்றா?

மூன்று. கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, ஏறக்குறைய மூன்று அங்குல நீளம். அகலமான வாரில் அது முழுதாகப் படியும், நேராக இழுத்தால் போதும். இரண்டரை அங்குலத்தில் இழுக்கும்போதே பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டும்: தொடங்கும்போது கத்தியின் அடிப்பக்கம் தோலில், முடிக்கும்போது நுனிப்பக்கம் தோலில். அது கைவராதவர்களுக்கு நுனி தீட்டப்படாமலே நிற்கும்.

கொக்கிக்கும் கைப்பிடிக்கும் இடையே குறைந்தது 15 அங்குலம் பயன்படும் நீளம் வேண்டும். கடையில் ஒரு ஸ்கேலைத் தோலின் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் தோல் குழிந்திருக்கிறது, எடுக்காதீர்கள்.

விலை சுமாராக இருக்கட்டும். முதல் வாரை நீங்கள் அறுக்கத்தான் போகிறீர்கள். காரணம் எப்போதும் ஒன்றே: ஓட்டத்தின் கடைசியில் கத்தியை அதன் வாய்மேல் திருப்புவது. முதுகின்மேல் உருட்டுங்கள். வாய் தோலை விட்டு எழலாம், முதுகு, அதாவது வாய்க்கு எதிர்ப்புறத் தடித்த விளிம்பு, எழவே கூடாது.

யாழ்ப்பாணம்: குதிரைத் தோல், மாட்டுத் தோல், ‘ரஷ்யத் தோல்’ என்று மூன்று விலை சொல்கிறார்கள். எதற்கு இந்த வித்தியாசம்?

நல்ல கேள்வி. தோலைத் தொட்டு ஓடும்போது கத்தி உணரும் பிடிப்புக்கு ‘இழுவை’ என்று வைத்துக்கொள்வோம். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த இழுவையின் குணத்துக்குத்தான். கூர்மைக்கு அல்ல.

மாட்டுத் தோலில், பதனிட்ட விதத்தைப் பொறுத்து, நடுத்தரத்திலிருந்து கனமான இழுவை வரை கிடைக்கும். எண்ணெயும் மெழுகும் ஏற்றிய லாட்டிகோ வகை கத்தியைப் பற்றி இழுக்கும். இங்கிலாந்தின் பிரைடில் தோல், கடிவாளத்துக்கான தோல், கொஞ்சம் வழுவழுப்பு. குதிரைத் தோல் மெல்லிய இழை, வேகமான ஓட்டம். அதிலேயே உச்சம் கார்டோவன்: குதிரையின் பின்புறத் தோலில், மேல்தோலுக்கு அடியில் இருக்கும் நெருக்கமான நார்ப்படலம். சிகாகோவில் 1905இல் தொடங்கிய ஹார்வீன் ஆலை இதைப் பதப்படுத்த ஆறு மாதமாவது எடுத்துக்கொள்கிறது. ஒரு குதிரையில் இரண்டே துண்டுகள். விலைக்கு வேறென்ன காரணம் வேண்டும்?

‘ரஷ்யத் தோல்’ ரஷ்யாவிலிருந்து வருவதில்லை. பிர்ச் மரத் தாரெண்ணெய் ஏற்றிய பழைய ரஷ்ய முறையின் பெயர் இன்றைய மாட்டுத் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து வார்களில் அந்த முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். தோல் நன்றாகவே இருக்கும், பெயர்தான் பழையது.

பெரம்பூர்: அண்ணா, அப்பாவோட பழைய பெல்ட் இருக்கு, அதுல தீட்டலாமா?

வேண்டாம் தம்பி. ஒன்றரை அங்குல அகலம், ஓரமெல்லாம் தையல், மேலே பிளாஸ்டிக் பூச்சு. தையல் நூலில் வாய் மாட்டினால் போச்சு.

திண்டுக்கல்: உள்ளூரிலேயே தோல் வாங்கி வெட்டிக்கொள்ள முடியுமா?

முடியும், அதுவும் நீங்கள் இருக்கும் ஊரில். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் ‘ஈஸ்ட் இந்தியா’ தோலுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. முன்பு ஆவாரம்பட்டை, இப்போது பெரும்பாலும் வாட்டில் மரத்தின் பட்டை. வாருக்கு வேண்டியது இந்தப் பட்டைத் தோல்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் அதிகம் கிடைப்பது குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல். செருப்புக்கு அருமை, வாருக்குத் தொளதொள.

சந்தேகம் வந்தால் ஓரத்தை வெட்டிப் பாருங்கள். வெட்டுவாய் நீலச் சாம்பலாக இருந்தால் குரோம், உள்ளேயும் பழுப்பாக இருந்தால் பட்டை. சாயம் ஏற்றியிருந்தால் ஒரு கீற்றை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பட்டைத் தோல் கருகிக் கரியாக நிற்கும், குரோம் சுருண்டு பச்சை கலந்த சாம்பல் விடும். புகையை முகராதீர்கள்.

வெட்டும்போது மாட்டின் முதுகெலும்புக்கு இணையாக, முதுகை ஒட்டிய பகுதியில் எடுங்கள். வயிற்றுப் பக்கத் தோல் இழுக்க இழுக்க நீளும், சில மாதத்தில் அலை அலையாகிவிடும். (மாட்டுக்கும் முதுகுதான் முக்கியம், கத்திக்கும் முதுகுதான். மறக்காதீர்கள்.) தொங்கும் வாருக்கு 3 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். உங்கள் ஊர்த் தோல் பெரும்பாலும் அதைவிட மெல்லிசு. அப்படியானால் சமமான பலகையில் ஒட்டி மட்டை வாராக்குங்கள்.

சிங்கப்பூர்: பச்சைப் பேஸ்ட் தடவினால் இன்னும் கூராகுமா?

ஆகும், ஆனால் தினசரி வாரில் தடவாதீர்கள். அந்தப் பச்சை குரோமியம் ஆக்சைடு, துகள் வழக்கமாக 0.5 மைக்ரான். அது தோலில் புகுந்தால் திரும்ப வராது. அப்புறம் ஒவ்வொரு காலையும் நீங்கள் தீட்டுவதில்லை, தேய்த்துக் கரைக்கிறீர்கள். தனியாக ஒரு பால்சா மரத் துண்டில் மெல்லப் பூசி, வாய் தளரும்போது மட்டும் பத்துத் தடவை இழுங்கள்.

மதுரை: ஷேவெட்டுக்கு எந்த வார் நல்லது?

எதுவும் வேண்டாம். பாதி பிளேடு போடுகிறீர்கள், மழுங்கினால் மாற்றுகிறீர்கள்.

நாகர்கோவில்: மழைக்காலத்தில் வாரில் பூஞ்சை. தேங்காய் எண்ணெய் தடவலாமா சார்?

கூடாது. எண்ணெய் ஊறித் தோல் தளரும், தூசி ஒட்டும். அந்தத் தூசியில் ஒரு மணல் துகள் போதும், வாயில் பல் விழ. பூஞ்சையை உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். குளியலறையில் மாட்டாதீர்கள், சுருட்டி வைக்காதீர்கள். தினமும் சுத்தமான உள்ளங்கையால் நான்கைந்து தடவை அழுத்தித் தேய்த்தாலே தோலுக்கு வேண்டிய எண்ணெய் கிடைத்துவிடும். காய்ந்து விறைத்தால் மட்டும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய், மாட்டுக் கால் எலும்பில் எடுப்பது, இரண்டு மூன்று துளி.

தஞ்சாவூர்: உள்ளங்கை என்றதும் கேட்கிறேன் ஐயா. அந்தக் காலத்து நாவிதர்கள் உள்ளங்கையிலேயே தீட்டி முடித்தார்கள். எதற்கு இந்தக் குதிரை, கார்டோவன் எல்லாம்?

தீட்டினார்கள், உண்மை. ஆனால் கல்லிலும் வாரிலும் தீட்டிய பிறகு, கடைசி ஐந்தாறு இழுப்புக்கு.

தஞ்சாவூர்: இல்லை ஐயா, நேரே கையில். கையெண்ணெயே போதும். வார் என்பது வியாபாரிகள் கட்டிய கதை.

கோவை: இதைப் படித்துவிட்டு எவனாவது கையை அறுத்துக்கொள்வான். இப்படி எழுதாதீர்கள்.

இருவருமே கொஞ்சம் பொறுங்கள். உள்ளங்கை மூன்று நான்கு அங்குல ஓட்டம். பதினைந்து அங்குல வாரில் ஒரு இழுப்பு, கையில் நான்கைந்து. அதோடு சதை குழியும். தொளதொளத்த வாரில் நடப்பதேதான் அங்கும்: அழுத்தினால் சதை வாயைச் சுற்றி எழுந்து கூர்முனையை உருட்டிவிடும். கை காய்த்து, அழுத்தமே இல்லாமல் தடவப் பழகியவருக்கு அது பலித்தது. பழகாதவருக்குக் கோவைக்காரர் சொல்வதுதான் நடக்கும்.

தஞ்சாவூர்: அப்போது தோல் மட்டும் என்ன செய்கிறது? வளைந்த கூர்முனையை நிமிர்த்துகிறதாம். அவ்வளவுதானே?

எல்லாம் வளைவதில்லை. 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ரேசர் பிளேடுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து முடி வெட்டிப் பார்த்தார்கள். எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையான முடி, சாய்வாக மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் வாயைச் சில்லு சில்லாகப் பெயர்க்கிறது. பெயர்ந்ததைத் தோலும் ஒட்டாது, கையும் ஒட்டாது. வார் வாயைத் துடைக்கும், மெருகேற்றும், இரு கல்வேலைகளுக்கு இடையே நாள் கூட்டும். வாரில் தீட்டியும் முடியைப் பிடுங்கினால் 12000 எண் கல்லுக்கு, அதாவது மிக நுண்ணிய சாணைக்கல்லுக்கு, போங்கள்.

கோவை: அதைத்தான் நானும் சொன்னேன்.

நீங்கள் சொன்னது கை அறுபடும் என்று. சரி, விடுங்கள்.

ஈரோடு: வாரின் நடுவே அறுத்துவிட்டேன், அரை அங்குலக் கீறல். தூக்கி எறியவா?

வேண்டாம். கெடுதல் கீறலில் இல்லை, எழுந்து நிற்கும் தோல் நாக்கில்தான் இருக்கிறது. அடியில் ரப்பர் சொல்யூஷன் தடவி அழுத்தி ஓர் இரவு விடுங்கள். பிறகு தட்டையான கட்டையில் 400 எண் உப்புத்தாளைச் சுற்றி மேடு தட்டுப்படாமல் போகும் வரை தேய்த்து, 600இல் முடியுங்கள். விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் கத்தியும் தடுக்கும். ஓரத்தில் என்றால் அப்படியே விட்டுவிடலாம். எப்படி அறுந்தது என்று நான் கேட்கவில்லை.

சேலம்: பாதி பிளேடு போடும் கத்திக்கு வார்...

மதுரைக்குச் சொன்ன பதில்.

கோலாலம்பூர்: கித்தான் பக்கம் எதற்கு? எத்தனை தடவை?

கித்தான் என்பது தோல் வாரோடு சேர்ந்து வரும் முரட்டுத் துணிப் பட்டை, தோலுக்கு முன் வாயைத் துடைக்க. சவரத்துக்கு முன் கித்தானில் 30, தோலில் 60. போய்வந்தால் ஒன்று. கத்தியின் எடை மட்டும், கை எடை வேண்டாம். வார் தொங்காத அளவுக்கு இழுத்துப் பிடியுங்கள். சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து, ஈரம் போகக் கித்தானில் பத்து. கித்தான் துணி அழுக்கேறினால் கழற்றிச் சோப்பு நீரில் அலசலாம், தோலை அலசக் கூடாது.

சேலம்: சரி சார், பிளேடு வேண்டாம். முழுக்கத்தியே வாங்கிவிடுகிறேன். என்ன வார்?

திருப்பூருக்குச் சொன்னது. முதுகின்மேல் உருட்டுங்கள்.