"பச்சையாத்தானே நிக்கிது": வயல் காப்புறுதிப் பரிசோதனை பிழையாப் போனா என்ன செய்ற? கேள்வி பதில்

கமநலப் பக்கம் வேலை செய்து ஓய்வு எடுத்தவன் நான். இப்ப வெல்லாவெளிப் பக்கம் சொந்த வயல். மட்டக்களப்பு, அம்பாறை ரெண்டு பக்கமும் இருந்து கேள்விகள் வந்து குவிஞ்சு கிடக்கு. ஏலுமானதுக்குப் பதில் சொல்றன்.

கேள்வி (கிரான்): ஐயா, தை மாத மழையில வயல் தண்ணிக்குள்ள கிடந்தது. தண்ணி வடிஞ்ச பிறகு அதிகாரி வந்து, றோட்டில மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு எட்டிப் பாத்தார். "பச்சையாத்தானே நிக்கிது" எண்டு சேதம் 30 வீதம்தான் எண்டு போட்டுட்டார். கதிரெல்லாம் சப்பி, உள்ளுக்கு அரிசியே இல்ல. என்ன செய்ற?

பதில்: தம்பி, முதல் வேலை, வெட்டு மெசின்காரனுக்குச் சொன்ன நாளைத் தள்ளிப் போடுங்க. வயலை வெட்டிட்டா உங்கட சாட்சியே போயிரும்.

பூக்கிற நேரம் தண்ணிக்குள்ள கிடந்த நெல்லு பச்சையாத்தான் நிக்கும். மகரந்தம் சேராததால உள்ளுக்கு அரிசி பிடிக்காது, அவ்வளவுதான். கதிர் தலை சாயாம நட்டுக்கு நிக்கிறது றோட்டில இருந்து பாக்கிறவருக்குச் செழிப்பாத் தெரியும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட ஆக்களுக்கு இது புதுசில்ல.

வரவை வரவையா, வரம்பு கட்டின ஒவ்வொரு துண்டாப் போங்க. வரம்பில இருந்து நல்லா உள்ள தள்ளி, ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் கம்பு நட்டுக் கயிறு கட்டுங்க. அதுக்குள்ள நிக்கிற கதிரை அறுத்து, நெல்லையும் சப்பியையும் வேறாக்கி நிறுங்க. மேட்டு வரவையிலயும் செய்யோணும், பள்ளத்திலயும் செய்யோணும். பள்ளத்தை மட்டும் காட்டினா அதிகாரி செஞ்ச அதே பிழையைத்தான் நீங்களும் செய்றீங்க. வட்டவிதானையாரையும் (வயலுக்குத் தண்ணி விடுறதைப் பாக்கிறவர்) கமக்காரர் அமைப்பில ஒருத்தரையும் கூட வச்சு, திகதி போட்டு ஒப்பம் எடுங்க. படம் எடுக்கக்குள்ள போனில இடம் காட்டுற வசதியப் போட்டு விடுங்க.

அதுக்குப் பிறகுதான் கடிதம். கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபையின்ட மாவட்டக் காரியாலயத்துக்கு ஒண்டு, பிரதி உங்கட கமநல சேவை நிலையத்துப் பெரும்பாக உத்தியோகத்தருக்கு. "அதிகாரி ஏமாத்திட்டார்" எண்டு ஒரு வரி கூட வேணாம். அந்த வரியால கடிதம் சண்டைக் கடிதமாகி மேசைக்கு மேசை அலையும். அறிக்கையில எந்த இடத்தில என்ன இருக்கு, வயலில என்ன இருக்கு, மறுபரிசோதனை எந்தத் திகதிக்கு முன்ன வேணும், அவ்வளவு போதும். வெட்டாம இருக்கவே ஏலாட்டி மேட்டில ஒரு துண்டு, பள்ளத்தில ஒரு துண்டு விட்டு வெட்டுங்க. விட்ட சங்கதியையும் கடிதத்தில எழுதுங்க.

கேள்வி (சம்மாந்துறை): நானா, என்ட காணி பேமிட்டில (அனுமதிப்பத்திரத்தில) 2 ஏக்கர் 3 றூட். அறிக்கையில 2.3 ஏக்கர் எண்டு கிடக்கு. சின்ன வித்தியாசம்தானே, விடலாமா?

பதில்: விடாதீங்க தம்பி. ஒரு ஏக்கருக்கு 4 றூட். அப்ப 3 றூட் எண்டது முக்கால் ஏக்கர். உங்கட காணி 2.75. கிட்டத்தட்ட அரை ஏக்கர், சரியாச் சொன்னா 0.45, காகிதத்தில காணாமப் போயிட்டு. 2024 நவம்பர் வெள்ளத்துக்கு ஏக்கருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபா எண்டு அறிவிச்சாங்க. அந்தக் கணக்கில பாத்தா 18,000 ரூபா வரைக்கும் போகும். இது ஆருட வாக்கு வாதமும் தேவையில்லாத பிழை. பேமிட் பிரதியைக் காட்டினா திருத்தத்தான் வேணும். நான் கண்ட பிழைகளில அரைவாசி இந்தப் புள்ளி விளையாட்டுத்தான், வயலில நடந்தது இல்ல.

கேள்வி (வவுணதீவு): ராவில யானை இறங்கி மிதிச்சது. அறிக்கையில மாடு மேஞ்சது எண்டு எழுதியிருக்கு.

பதில்: மாடு நுனியைக் கடிச்சுக்கொண்டு போகும். யானை பிடுங்கி எறியும், நடந்த பாதை சாஞ்சு கிடக்கும். அடித்தடத்துக்குப் பக்கத்தில மண்வெட்டியை வச்சுப் படம் எடுங்க. லத்தியையும் எடுங்க. விடிஞ்ச உடன கிராம சேவையாளருக்கும் வனசீவராசிகள் காரியாலயத்துக்கும் அறிவிச்சிருந்தா அந்தப் பதிவுதான் உங்கட பலம். ஒரு மழை பெய்தா தடம் இராது.

கேள்வி (நாவிதன்வெளி, ஒரு தங்கச்சி): அண்ணன், படிவம் சிங்களத்தில இருந்தது. ஒப்பம் போடச் சொன்னாங்க, போட்டுட்டன். இனிக் கேள்வி கேக்க ஏலாதா?

பதில்: ஏலும் தங்கச்சி. விளங்காத மொழியில இருந்த படிவத்துக்குப் போட்ட ஒப்பத்தை வச்சு, நீங்க அறிக்கை முழுக்க ஏத்துக்கொண்டீங்க எண்டு சாதிக்கிறது லேசில்ல. அத உடனடியா எழுத்தில சொல்லுங்க. கிழக்கில தமிழ் நிர்வாக மொழி, அது அரசியலமைப்பின்ட நாலாம் அத்தியாயத்தில இருக்கு. தமிழில பிரதி தாங்க எண்டு கேக்கிறது உரிமை. இனி வந்தா ஒப்பத்துக்குக் கீழ "வீதத்தில உடன்பாடில்ல" எண்டு தமிழில எழுதி, திகதி போட்டு, போனில ஒரு படம் எடுத்து வையுங்க.

கேள்வி (அக்கரைப்பற்று): தனியார் கம்பனியில செஞ்ச காப்புறுதிக்கும் இதே வழிதானா?

பதில்: சாட்சி சேக்கிறது ஒண்டுதான், போற வாசல் வேற. முதல்ல கம்பனிக்கு எழுத்தில முறைப்பாடு. சரிவராட்டி காப்புறுதி ஒம்புட்ஸ்மன், காப்புறுதி முறைப்பாட்டை விசாரிக்கிறவர்.

கேள்வி (திருக்கோவில்): அறிக்கையைக் காட்டவே மாட்டாங்களாம். காணாத அறிக்கையில பிழை எப்பிடிச் சொல்ற?

பதில்: 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. அந்தக் காரியாலயத்தின்ட தகவல் உத்தியோகத்தருக்கு எழுதிக் கேளுங்க. காரணம் சொல்லத் தேவையில்ல. தாறதா இல்லையா எண்டு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும். இல்லையெண்டா மேன்முறையீடு, அதுக்கும் மேல ஆணைக்குழு. குளத்தின்ட வான்கதவு எந்த நாள், எத்தினை மணிக்குத் திறந்தாங்க எண்டு நீர்ப்பாசனத் திணைக்களத்திட்டயும் இதே மாதிரிக் கேக்கலாம். தண்ணி வரேல்ல எண்டு எழுதின அறிக்கைக்கு அத விட நல்ல மறுப்பு இல்ல.

ஒண்டு மட்டும், 14 நாளும் வயல் உங்களுக்காகக் காத்திராது. அறிக்கை வரட்டும் எண்டு நிக்காம மறுபரிசோதனைக் கடிதத்தை முதல் நாளே குடுங்க. கையில இருக்கிற பிரதியில முத்திரையும் திகதியும் குத்தி வாங்காம காரியாலயத்தை விட்டு வெளிய வராதீங்க.