ஈ-ஒன் போனால் பிழைப்பும் போய்விடுமா?

அன்புள்ள ஐயாவுக்கு,

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. இருபது ஆண்டுகள் அலைபேசி டவர்களுக்கு ஈ-ஒன் என்ற பழைய வகைத் தரவு இணைப்பு கொடுத்துப் பிழைத்தீர்கள். எல்லாம் ஐ.பி.க்கு, அதாவது தரவைப் பொட்டலங்களாக்கி அனுப்பும் இணைய முறைக்கு, மாறியதும் உங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் அதே துறைக்குப் போகிறேன் என்கிறான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் சுட்டுக்கொண்டது நீங்கள், அவன் அல்ல.

நடந்ததை அவனுக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன். 2ஜி காலத்தில் டவருக்கும் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் நடுவே ஓடியது நொடிக்கு 2.048 மெகாபிட் ஈ-ஒன். அதற்குள் 64 கிலோபிட் வீதம் 32 அறைகள். ஆள் பேசினாலும் பேசாவிட்டாலும் ஒதுக்கிய அறை ஒதுக்கியதுதான். 3ஜி முதலில் ஏ.டி.எம்.மை நம்பியது. பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல. தரவை 53 பைட் துண்டுகளாக்கி அனுப்பும் முறை. 2002இல் முடிவான 3ஜி தர ஆவணத் தொகுப்பில் ஐ.பி. வழியும் சேர்ந்தது. 4ஜி பிறக்கும்போதே முழுக்க ஐ.பி. பேச்சைவிடப் படம் பார்ப்பது பெருகியபின், ஈ-ஒன்னை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவது எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகவில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஈ-ஒன் தரவோடு தாளத்தையும் சுமந்து வந்தது. டவரின் அதிர்வெண் நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் ஒரு டவரிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அழைப்பு அறுந்துவிடும். கம்பியில் வரும் பிட்டுகளின் சீரான துடிப்பைப் பிடித்துக்கொண்டே டவர் தன்னைத் திருத்திக்கொண்டது. ஐ.பி. பொட்டலங்களைச் சுமக்கும் சாதாரண ஈதர்நெட் இணைப்பில் அந்தத் துடிப்பு கிடையாது. பொட்டலங்கள் முன்னே பின்னே வந்து சேரும். அதனால்தான் ஜி.பி.எஸ். நேரம், துடிப்பையும் சேர்த்துச் சுமக்கும் ஒத்திசைவு ஈதர்நெட், பொட்டலங்கள் வழியாகவே நேரத்தைச் சொல்லும், 2008இல் திருத்தி வெளியான 1588 நேர நெறிமுறை எல்லாம் தேவைப்பட்டன. ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பிப் பெறும் 5ஜியில் கறார் இன்னும் கூடுதல்: பக்கத்து டவர்களின் நேர வேறுபாடு 3 மைக்ரோநொடிக்குள் இருக்க வேண்டும். ரௌட்டர் மட்டும் படித்து வரும் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். பிங் என்ற சோதனைப் பொட்டலம் போய்த் திரும்புகிறது, இணைப்பு நன்றாக இருக்கிறது என்பார்கள். அழைப்போ அறுந்துகொண்டே இருக்கும். கோளாறு எங்கே என்று உங்களுக்கு உடனே தோன்றும் அல்லவா? அதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க இந்த ஊரில் வகுப்பு கிடையாது, ஐயா.

எனக்கு உண்மையில் கவலை தந்தது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. பத்தாம் வகுப்புக்குக் கணிதத்தை விட்டுவிட்டு, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசி பாடத்தை எடுத்தால் மதிப்பெண் கூடும் என்று யாரோ சொன்னார்களாம். கூடும். பொறியியல் கதவு அன்றே சாத்தப்படும். கணிதமும் இயற்பியல் அறிவியலும் இல்லாமல் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் நான்காண்டுப் பொறியியலுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்முறை மிகுந்த படிப்புகள் இருக்கின்றன. கையால் வேலை செய்யப் பிடித்த பையனுக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

மூன்று மாதத்தில் நெட்வொர்க் நிபுணர் ஆக்குகிறோம் என்று ராண்டுகளைக் கறக்கும் தனியார் வகுப்புகளிடம், அந்தத் தகுதி தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்தில் பதிவானதா, எண் என்ன என்று முதலில் கேளுங்கள். வேலை அலைபேசி நிறுவனங்களோடு முடிவதும் இல்லை. நமக்கு வடக்கே எம்டுன்சினி என்ற கடற்கரை ஊரில் கரையேறும் கடலடித் தரவு இழைகளுக்கும் இதே அறிவுதான் வேண்டும்.

பாடத்தேர்வுப் படிவத்தில் கையெழுத்திடும் முன் ஒரு சனிக்கிழமை அவனை அழைத்து வாருங்கள். கராஜில் தூசி படிந்து கிடக்கிறது என்றீர்களே, அந்த ஈ-ஒன் சோதனைக் கருவி, அதையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.