சீனிக்குப் பதிலாக என்ன போடலாம்? வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

"சீனியைக் குறையுங்கோ" என்று கிளினிக்கில் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நிற்கும்போதுதான் கேள்விகள் வருகின்றன. தேன் போடலாமா, பனங்கட்டி பரவாயில்லையா, கடையில் விற்கும் அந்த இலைத்தூள் என்ன? உணவும் போசாக்கும் படித்து, நீரிழிவு உள்ளவர்களோடு சாப்பாடு பற்றிக் கதைப்பதே என் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

எனக்குச் சீனி வருத்தம். சீனியை விட்டுவிட்டுப் பனங்கட்டி கடித்துப் பிளேன்ரீ குடிக்கிறேன். இயற்கையானதுதானே, பயமில்லைத்தானே? (ஓர் அம்மா, கிளிநொச்சி)

பயமில்லை என்று சொல்ல முடியாது அம்மா. கருப்பநீரைக் காய்ச்சினால் தண்ணீர் போய் மிஞ்சுவது பெரும்பாலும் சுக்குரோசு. கடைச் சீனியும் அதேதான். பனங்கட்டியில் கொஞ்சம் கனியுப்புக்களும் நல்ல வாசமும் கூடுதலாக இருக்கின்றன. ஆனால் இரத்தத்தில் குளுக்கோசை ஏற்றுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கலோரியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனாலும் கடித்துக் குடிக்கும் பழக்கத்தில் ஒரு நன்மை இருக்கிறது. தேத்தண்ணிக்குள் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினால் அவ்வளவும் உள்ளே போய்விடும். கையில் ஒரு சிறு துண்டை வைத்துக் கடித்தால் பாதியோடு நிறுத்தலாம். ஒரு கரண்டி சீனி 4 கிராம், 16 கலோரி. ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்றால் 40 கிராம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் தேனும் பனங்கட்டியும் அடங்கும்.

இன்னொன்று. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளர் பலர் இருக்கிறார்கள். பனங்கட்டியிலும் சக்கரையிலும் பொட்டாசியம் இருப்பதால், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொன்னவர்கள் இவற்றைக் "கனியுப்புக்கு நல்லது" என்று நம்பிச் சாப்பிட வேண்டாம். வருத்தமில்லாதவர்கள் தாராளமாக வாங்குங்கள். நல்ல இனிப்பு, பனைத் தொழிலாளியின் உழைப்பு. மருந்து என்று மட்டும் நினைக்காதீர்கள்.

காட்டுத்தேன் சீனியைக் கூட்டாது என்கிறார்கள், உண்மையா? (ஓர் அண்ணை, ஒட்டுசுட்டான்)

இல்லை அண்ணை. பாலைப் பூத் தேனாக இருந்தாலும் அது குளுக்கோசும் புறக்டோசும் சேர்ந்ததுதான். 100 கிராமில் 300 கலோரிக்கு மேல் இருக்கிறது. சீனியைவிடச் சற்று இனிப்பு என்பதால் கொஞ்சம் குறைவாக ஊற்றலாம், அவ்வளவே. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துக்கள் பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு.

ஸ்டீவியா என்றால் என்ன? நம்பிக் குடிக்கலாமா? (ஒரு தம்பி, வவுனியா)

அது தென் அமெரிக்காவில் பரகுவே, பிரேசில் பக்கத்துச் சிறு செடி. தமிழில் சீனித்துளசி என்றும் சொல்கிறார்கள். அங்குள்ள குவரானி மக்கள் பல தலைமுறைகளாக அதன் இலையைத் தங்கள் பானங்களில் போட்டுக் குடித்தவர்கள். 1899 இல் பெர்டோனி என்ற தாவரவியலாளர் அதைப் பற்றி எழுதினார். 1931 இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இனிப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். யப்பானில் 1970களிலிருந்தே கடைச் சாமான்களில் சேர்க்கிறார்கள்.

இலையிலுள்ள ஸ்டீவியோல் கிளைக்கோசைட்டுகள் என்ற இனிப்புப் பொருட்கள் சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பானவை. குளுக்கோசை ஏற்றுவதில்லை, கலோரியும் இல்லை என்றே சொல்லலாம். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2008 இல் இதற்கு ஓர் எல்லை வைத்தது. உடல் எடையில் கிலோவுக்கு, நாளொன்றுக்கு, ஸ்டீவியோல் (அந்த இனிப்புப் பொருட்களின் அடிப்படைக் கூறு) கணக்கில் 4 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு அது 240 மில்லிகிராம், அந்த இனிப்புப் பொருட்களில் ஒன்றான, சுத்தம் செய்த ரெபோடியோசைட் ஏ ஆகப் பார்த்தால் சுமார் 720 மில்லிகிராம். இரண்டு கரண்டி சீனியின் இனிப்புக்கு 40 மில்லிகிராம் போதும். பதினெட்டுத் தேத்தண்ணி குடித்தால்தான் எல்லையைத் தொடுவீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த எல்லை 95 சதவீதத்துக்கு மேல் சுத்தப்படுத்திய பொருளுக்குத்தான். பச்சை இலையை நாள்முழுக்க அவித்துக் குடிப்பதற்கு அதே உறுதியை யாரும் தரவில்லை. அப்புறம், உடம்பு மெலியும் என்று நம்பி இதை எடுக்க வேண்டாம் என்று 2023 இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஆலோசனை பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது.

பக்கெற்றில் ஸ்டீவியா என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, ஆனால் குடித்தபின் சீனி கூடிக் காட்டுகிறது. (ஒரு தங்கச்சி, மாங்குளம்)

முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள் தங்கச்சி. சேர்மானங்களில் முதலில் வருவதே அதிகம் இருப்பது. சுத்த ஸ்டீவியா நகநுனி அளவுதான் தேவை. அதைக் கரண்டியால் அள்ளும்படி செய்யப் பல கம்பனிகள் மோல்டோடெக்ஸ்ரின் அல்லது டெக்ஸ்ரோசு கலக்கின்றன. இரண்டும் குளுக்கோசை ஏற்றும். ஒரு சிறு பொட்டலத்தில் இருப்பது ஒரு கிராம் அளவுதான், அதனால் பெரிய கெடுதல் வராது. போத்தலிலிருந்து கரண்டி கரண்டியாக அள்ளுகிறவர்களுக்குத்தான் கணக்குப் பிழைக்கும். தேத்தண்ணியோடு கடித்த பிஸ்கற்றையும் மறந்துவிடாதீர்கள்.

எரித்திரிட்டோல் நல்லதா? (வவுனியா)

முந்திரிகைப் பழத்தில் (திராட்சையில்) கொஞ்சம் இருக்கும் ஓர் இனிப்புப் பொருள். கடையில் வருவது மாப்பொருளிலிருந்து எடுத்த குளுக்கோசை நொதிக்க வைத்துச் செய்தது. சீனியின் 60, 70 சதவீத இனிப்பு, நாக்கில் ஒரு குளிர்ச்சி. பெரும்பகுதி அப்படியே சிறுநீரோடு போய்விடும். கூடினால் வயிறு ஊதும். 2023 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், இரத்தத்தில் இது கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்திருந்தன. உடம்பே கொஞ்சம் எரித்திரிட்டோலை உண்டாக்குவதால், சாப்பிட்டதுதான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. இருந்தாலும் இருதய வருத்தம் உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. இதே இனத்து இனிப்புப் பொருளான சைலிட்டோல் வீட்டில் இருந்தால் நாய்க்கு எட்டாமல் வையுங்கள். நாய்க்கு அது நஞ்சு.

வீட்டுத் தோட்டத்தில் சீனித்துளசி வளர்க்க முடியுமா? (விசுவமடு)

முடியும். விதை சரியாக முளைக்காது, தண்டு வெட்டி நடுங்கள். வெயில் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. மாரி மழையில் வேர் அழுகிவிடும், அதனால் மேட்டுப் பாத்தி அல்லது சாடி நல்லது. உவர் கிணற்றுத் தண்ணீர் ஒத்துவராது. நம் பக்கத்துப் பெரிய சிக்கல் பகல் நேரம். பகல் குறுகினால் பூக்கும் செடி இது. இங்கே ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணித்தியாலம்தான் என்பதால் சின்னதிலேயே பூத்துவிடும். பூத்தபின் இலையில் இனிப்புக் குறையும். மொட்டுக் கண்டவுடன் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வரும். பூக்கும் முன் இலையைப் பறித்துக் காயவைத்துத் தூளாக்கி, தேத்தண்ணிக்கு ஒரு சிட்டிகை போடலாம். பின்னால் மெல்லிய கசப்பு வரும். இஞ்சி தட்டிப் போட்டால் அது தெரியாது.

பயற்றம் பணியாரத்துக்கும் நெல்லிரசத்துக்கும் இதைப் போடலாமா? (புதுக்குடியிருப்பு)

பணியாரத்துக்குச் சரிவராது. உருண்டையைப் பிடித்து வைத்திருப்பது பாகு. ஸ்டீவியாவில் பாகு காய்ச்ச முடியாது, உருண்டை எண்ணெயில் உதிர்ந்துவிடும். சக்கரையைப் பாதியாக்கி, தேங்காய்ப்பூவையும் ஏலக்காயையும் கூட்டி, உருண்டையைச் சின்னதாகப் பிடியுங்கள். நெல்லிரசத்தைப் பழுதாகாமல் காப்பதே சீனிதான். அது இல்லாவிட்டால் கொஞ்சமாகச் செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாளில் முடிக்க வேண்டும். பாயாசம், கஞ்சி, தயிர், தேசிக்காய்த் தண்ணி இவற்றில் தாராளமாகச் சேரும், சூட்டில் இனிப்புக் கெடாது. அப்ப மாவில் மட்டும் வழமையான சீனியைக் கொஞ்சம் போடுங்கள். ஈஸ்ட்டுக்கு ஸ்டீவியா உணவாகாது.

அதிமதுரம் போட்டு அவித்துக் குடிக்கிறேன். நல்ல இனிப்பு, சீனியும் வேண்டாம். தொடரலாமா? (ஓர் ஐயா, அடம்பன்)

உங்களுக்குப் பிரஷர் இருக்கிறதா ஐயா? இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அதிலுள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, பிரஷரை ஏற்றும். பொட்டாசியம் இறங்கினால் கைகால் சோர்வதோடு இருதயத் துடிப்பும் குழம்பும். சலம் போக மருந்து எடுக்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. இருமலுக்கு ஓரிரு நாள் எடுப்பது வேறு, தினமும் சீனிக்குப் பதிலாகக் குடிப்பது வேறு.

பிள்ளைகளுக்கு? (முள்ளியவளை)

சுகமான பிள்ளைக்கு எந்த இனிப்புத்தூளும் தேவையில்லை. பாலில் சீனியை ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், நாக்குப் பழகும். பழம் கொடுங்கள். பாலைப்பழக் காலத்தில் ஒரு கைப்பிடி சாப்பிட்டால் சாப்பிடட்டும்.

அப்பா இன்சுலின் போடுகிறார், வயலுக்குப் போகிறார். வீட்டில் சீனியே இல்லை, எல்லாம் ஸ்டீவியாதான். இது சரிதானே? (ஒரு மகள், அக்கராயன்)

மகள், வீட்டில் சீனி கட்டாயம் இருக்க வேண்டும். இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுக்கிறவர்களுக்கு வேலை கூடினால், சாப்பாடு பிந்தினால், இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம். அந்த நேரத்தில் ஸ்டீவியா கரைத்துக் கொடுத்தால் வாய் இனிக்கும், இரத்தத்துக்கு ஒன்றும் போகாது. 15 கிராம் சீனி, அதாவது நாலு மட்டக் கரண்டி, தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணித்தியாலம் பாருங்கள், மாறாவிட்டால் திரும்பவும் கொடுங்கள், தெளிந்தபின் சோறோ பிஸ்கற்றோ. நினைவில்லாமல் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம், 1990 க்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள்.

சீனியை நிறுத்தியது எப்போது என்று வைத்தியரிடம் சொன்னீர்களா? முன்பிருந்த சாப்பாட்டுக்கு எழுதிய இன்சுலின் அளவு இப்போது கூடிவிட்டிருக்கலாம். அடுத்த கிளினிக் மட்டும் காத்திருக்காமல் இந்தக் கிழமையே கேளுங்கள். அதுவரை அப்பாவின் சேட்டுப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் சீனி இருக்கட்டும், அருகில் வேலை செய்கிறவர்களுக்கும் அது எதற்கென்று சொல்லி வையுங்கள்.